குட்டை ஆர்க்கிட்டும் ஐ.ஆர். எட்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையோர நர்சரிகளில் இப்போது தொட்டி ஆர்க்கிட் நிறைய வருகிறது. கேளம்பாக்கத்திலிருந்து நம் திருப்போரூர் வரை வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சின்ன பிளாஸ்டிக் தொட்டி, நான்கைந்து தடித்த இலை, நடுவிலிருந்து ஒரு தண்டு, அதில் வண்ணத்துப்பூச்சி வரிசையாக உட்கார்ந்ததுபோல் வெள்ளை, ஊதாப் பூக்கள். பெயர் ஃபெலனாப்சிஸ். வீட்டுக்கு வீடு மருமகள்கள் வாங்கி வைக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஆறு வீட்டில் எண்ணினேன்.

தண்டின் உயரத்தைக் கவனித்தீர்களா? ஃபெலனாப்சிஸின் பெரிய பூ ரகங்களில் தண்டு இயல்பாக இரண்டடி, மூன்றடி கூடப் போகும். பூவின் பாரம் தாங்காமல் வில்லாக வளையும். கடைத் தொட்டியில் பல சமயம் ஒன்றரைச் சாணில் கச்சிதமாக நிற்கிறது. இந்தக் கச்சிதம் மூன்று வழிகளில் வரலாம். ரகமே குட்டையாக இருக்கலாம். பிலிப்பைன்ஸ், தைவான் தீவுகளில் வளரும் ஒரு சின்ன ஃபெலனாப்சிஸ் இனத்தோடு கலந்து உண்டாக்கிய குட்டை ரகங்கள் நிறைய உண்டு. வெளிச்சத்தையும் குளிரையும் கட்டுப்படுத்தியும் ஓரளவு குட்டையாக்கலாம். மூன்றாவது வழி மருந்து. வளர்ச்சித் தடுப்பான் என்று சொல்கிற மருந்து. இந்த மூன்றாவது வழியின் வரலாறுதான் இன்றைய பாடம். பூந்தொட்டி சமாச்சாரம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். இந்தக் கதை நெல் வயலில் தொடங்குகிறது. நடுவில் நம் அப்பா, தாத்தா எல்லோரும் வருகிறார்கள்.

ஜப்பான் விவசாயிகளுக்கு நெல் நாற்றங்காலில் ஒரு தொல்லை இருந்தது. எல்லா நாற்றும் ஒரே சீராக வளரும்போது சில மட்டும் விறுவிறுவென்று மற்றவற்றுக்கு மேலே தலையை நீட்டும். வெளிறிப்போய், மெலிந்து, நெடுநெடுவென்று நிற்கும். பார்ப்பவருக்கு நல்ல வளர்ச்சி என்று தோன்றும். ஆனால் அது கதிர் விடாது, விட்டாலும் பதர்தான். பெரும்பாலும் அதற்கு முன்பே செத்துவிடும். அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'பகானே'. முட்டாள் நாற்று என்று பொருள். உயரத்தை வளர்ச்சி என்று நம்பி ஏமாறாத விவசாயி வைத்த பெயர் அது.

ஒரு பூஞ்சைதான் காரணம் என்று 1898இல் ஹோரி என்ற ஜப்பானியர் கண்டுபிடித்தார். பூஞ்சை நோய் என்றால் செடி வாடும், அழுகும். இங்கே நீள்கிறதே, ஏன்? விடை 1926இல் தைவானில் கிடைத்தது. அப்போது தைவான் ஜப்பான் ஆட்சியில் இருந்தது. அங்கே வேலை பார்த்த குரோசாவா என்ற ஆய்வாளர் பூஞ்சையைத் திரவத்தில் வளர்த்தார். பிறகு பூஞ்சையை வடிகட்டி எடுத்துவிட்டு, வெறும் திரவத்தை மட்டும் நல்ல நாற்றுக்குக் கொடுத்தார். நாற்று நீண்டது! அப்படியென்றால் பூஞ்சை எதையோ சுரந்து திரவத்தில் விட்டிருக்கிறது, அந்தப் பொருள்தான் நாற்றை நீட்டுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடப் புரிகிற சோதனை. பெரிய கருவி ஒன்றும் கிடையாது. எனக்கு இந்த மாதிரி சோதனைகள் மேல் தனிப் பிரியம் உண்டு.

1935இல் டோக்கியோவில் யபுதா என்ற வேதியியல் பேராசிரியர் அந்தப் பொருளுக்கு கிப்பரெல்லின் என்று பெயரிட்டார். பூஞ்சையின் அறிவியல் பெயரான கிப்பரெல்லாவிலிருந்து எடுத்த பெயர். 1938இல் அவரும் சுமிகியும் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள்.

நம் பக்கத்திலும் இந்த நோய் இருந்தது. 1931இல் கே.எம். தாமஸ் என்ற பயிர்நோய் ஆய்வாளர் சென்னை மாகாணத்து நெல்லில் ஒரு புது நோய் என்று வேளாண் இதழில் எழுதினார். இந்தியாவில் பகானே பற்றிய முதல் பதிவு என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஜப்பான் மொழியில் வெளிவந்த இந்த ஆராய்ச்சியை மேல்நாட்டார் கண்டுகொள்ளவில்லை. உலகப்போர் முடிந்த பிறகுதான் விழித்தார்கள். 1950களில் அமெரிக்காவிலும், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்திலும் இதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். பிறகு இன்னொரு ஆச்சரியம். 1958இல் அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றின் விதையிலிருந்து கிப்பரெல்லினைப் பிரித்தெடுத்தார்கள். அதாவது இது பூஞ்சையின் சொத்து மட்டும் இல்லை. ஒவ்வொரு செடியும் தன் உடம்பில் தானே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொள்கிற பொருள். எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்று செடி தனக்குத்தானே சொல்லிக்கொள்வது இதன் மூலம்தான். பூஞ்சை அந்தப் பொருளை அளவில்லாமல் ஊற்றிவிட்டது, நாற்று முட்டாளாகிவிட்டது.

இப்போது கதையைத் திருப்பிப் போடுங்கள். கிப்பரெல்லின் கூடினால் செடி நெடுக வளர்கிறது. குறைந்தால்?

குட்டையாக்கும் மருந்துகள் வந்தது இந்தக் கேள்வியைக் கேட்டு இல்லை. அவை தனி வழியில் வந்தன. 1949, 50 வாக்கில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் நிலையத்தில் மிட்செல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சில வேதிப்பொருள்களை அவரைச் செடியில் போட்டுப் பார்த்தபோது செடி சாகாமல், வாடாமல், குட்டையாக நின்றது. 1960இல் மிச்சிகனில் டால்பர்ட் என்பவர் குளோர்மெக்வாட்டைக் கண்டுபிடித்தார். நம் ஊர் மருந்துக்கடையில் சைகோசெல் என்று கேட்டால் கொடுக்கிறார்களே, அதுதான். 1962இல் டேமினோசைட் வந்தது. தொட்டிச் சாமந்தி வளர்ப்பவர்கள் இவற்றை அள்ளிக்கொண்டார்கள். கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்தது, இலை கரும்பச்சையானது, செடி அடர்த்தியாக நின்றது. பூ வழக்கம்போலப் பூத்தது.

ஆனால் ஏன் குட்டையாகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1963இல் கெண்டே, நின்னெமான், லாங் மூவரும் தேடிக் கண்டுபிடித்தார்கள். எதில் சோதித்தார்கள் தெரியுமா? அதே முட்டாள் நாற்றுப் பூஞ்சையில்! பூஞ்சை வளரும் திரவத்தில் இந்தத் தடுப்பான்களைக் கலந்தார்கள். பூஞ்சை வளர்ந்தது, ஆனால் கிப்பரெல்லின் சுரப்பது நின்றது. செடிக்குள்ளும் அதேதான் நடக்கிறது. கிப்பரெல்லின் தயாராகும் பாதையில் எங்கோ ஓரிடத்தில் இந்த மருந்துகள் கதவைச் சாத்துகின்றன.

பூத்தொடுப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு முழம் சரத்தில் நாற்பது பூ கட்டினால் கலம்பமாக இருக்கும். அதே நாற்பது பூவை அரை முழத்தில் நெருக்கிக் கட்டினால் அடர்த்தி. பூ குறையவில்லை, இடைவெளிதான் குறைந்தது. தடுப்பான் போட்ட தண்டும் அப்படித்தான். கணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அதேதான், நடுவில் உள்ள செல்கள் நீளவில்லை.

இனி ஐ.ஆர். எட்டு. என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும். 1966 நவம்பரில் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம். இந்தோனேசியாவின் பேட்டா என்ற நெட்டை நெல்லையும் தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லையும் கலந்து உண்டாக்கியது. ஏன் குட்டை தேவைப்பட்டது? நம் பழைய சம்பா ரகங்களை நினைத்துப் பாருங்கள். காட்டுயானம் ஆள் உயரத்துக்கு மேல் போகும். அதற்கு யூரியா போட்டால் என்ன ஆகும்? இன்னும் நீளும், கதிர் பாரம் ஏறியதும் ஒரு காற்றுக்குச் சாய்ந்து தண்ணீரில் விழும், விழுந்த கதிர் முளைத்துவிடும். உரம் போட்டால் நஷ்டம் என்ற நிலை. ஐ.ஆர். எட்டு இடுப்பளவுதான் இருக்கும். எவ்வளவு உரம் போட்டாலும் நிமிர்ந்து நின்றது, போட்ட உரத்தைக் கதிராக்கியது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஏரிப் பாசன வயலில் முதல் முறை ஐ.ஆர். எட்டு நட்டார்கள். மூட்டை எண்ணி அப்பா சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது, தாத்தா முகத்தைத் தூக்கிக்கொண்டதும் நினைவிருக்கிறது. "நெல்லு சரிடா, வைக்கோல் எங்கே?" என்பார். குட்டை நெல்லில் வைக்கோலும் குட்டை. மாட்டுக்குப் பற்றவில்லை. சம்பா வைக்கோலில் வேய்ந்த கூரை நான்கு வருஷம் தாங்கும், இது ஒரு மழைக்கே பொத்தலாகும் என்று புலம்புவார். சோறு வேறு விறைப்பு என்று பாட்டி இட்லிக்குத் தள்ளிவிட்டார். பசுமைப் புரட்சியைப் பற்றி எவ்வளவோ வாதம் நடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. வயிறு நிறைந்தது உண்மை, வைக்கோல் குறைந்ததும் உண்மை.

அந்த நெல் ஏன் குட்டை என்பது முப்பத்தாறு வருஷம் கழித்து, 2002இல் தெரிந்தது. டீ-ஜியோ-வூ-ஜென் நெல்லில் கிப்பரெல்லின் தயாரிக்கும் ஒரு மரபணு பழுதாகி இருந்தது. அந்தப் பழுதுதான் ஐ.ஆர். எட்டுக்கு வந்தது. பூந்தொட்டியில் மருந்து வெளியிலிருந்து செய்கிற வேலையை ஐ.ஆர். எட்டு விதைக்குள்ளேயே செய்துகொண்டிருந்தது!

இந்த ஒப்புமையோடு ஒரு வேற்றுமையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விதையில் இருக்கும் குட்டை தலைமுறை தலைமுறையாக வரும். மருந்தில் வந்த குட்டை மருந்து இருக்கும்வரைதான். மருந்து தீர்ந்ததும் செடி தன் சொந்த உயரத்துக்குத் திரும்பிவிடும்.

ஆர்க்கிட்டுக்கு வருவோம். அதற்கும் தைவான்தான் போக வேண்டும். முட்டாள் நாற்றின் ரகசியம் அவிழ்ந்ததும் அந்தத் தீவில், ஐ.ஆர். எட்டின் குட்டைப் பெற்றோர் வந்ததும் அந்தத் தீவிலிருந்து. இப்போது மூன்றாவது முறை. தைவானில் சர்க்கரை விலை படுத்தபோது, கரும்பு நம்பியிருந்த தைவான் சர்க்கரை நிறுவனம் 1980களின் இறுதியில் ஃபெலனாப்சிஸ் வளர்ப்பில் இறங்கியது. திசு வளர்ப்பில் ஒரே மாதிரி லட்சக்கணக்கில் நாற்று எடுக்க முடிந்ததால் பணக்காரர் வீட்டுப் பூவாக இருந்த ஆர்க்கிட் மளிகைக்கடைப் பூவானது. அதே வேளையில் நெதர்லாந்தில் கண்ணாடிக் குடில்களில் தொழிற்சாலை போல வளர்க்கத் தொடங்கினார்கள்.

பூவை லாரியில் அனுப்புகிறவர் உயரத்தைத்தான் முதலில் பார்ப்பார். தட்டுத் தட்டாக அடுக்கும் தள்ளுவண்டியில் தண்டு குட்டையானால் ஒரு தட்டு கூடுதலாகப் போடலாம். பெட்டிக்குள் ஒடியாது, தனியாகக் குச்சி வைத்துக் கட்டும் கூலியும் குறையும். மேசைமேல் வைத்தால் எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காது. பூவின் அழகைவிட வண்டித் தட்டின் இடைவெளிதான் உயரத்தைத் தீர்மானித்தது என்று சொன்னால் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

1994இல் டெக்சாஸில் யின்-டுங் வாங் என்ற ஆய்வாளரும் ஒரு சக ஆய்வாளரும் ஃபெலனாப்சிஸில் மூன்று தடுப்பான்களைச் சோதித்து வெளியிட்டார்கள். சாமந்திக்காரர்கள் கொண்டாடிய டேமினோசைட்டைத் தெளித்தபோது ஆர்க்கிட் அசையவில்லை. பேக்லோபியூட்ரசால், யூனிகோனசோல் என்ற மற்ற இரண்டும் பூத்தண்டைக் குட்டையாக்கின. பூ சில நாள் தாமதமாக வந்தது, ஆனால் பூவின் அளவோ எண்ணிக்கையோ குறையவில்லை. வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே எச்சரிக்கை அளவில்தான் இருந்தது. அளவு மிஞ்சினால் பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து அழகு கெட்டுவிடும்.

அந்த பேக்லோபியூட்ரசால் பற்றித்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். 1950களில் கிப்பரெல்லினைத் தயாரித்த அதே ஐ.சி.ஐ. நிறுவனம்தான் பின்னாளில் கிப்பரெல்லினை முடக்கும் இந்த மருந்தையும் கொண்டுவந்தது. நீட்டவும் அவர்களே, குறுக்கவும் அவர்களே. நம் நாட்டில் இதன் வர்த்தகப் பெயர் கல்டார். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாமரம் ஒரு வருஷம் காய்த்து ஒரு வருஷம் ஓய்வெடுக்கும். தளிர் விடும் வேகத்தைக் குறைத்தால் மரம் பூக்கத் திரும்பும் என்பதால் வேர்ப் பக்கம் இதை ஊற்றுகிறார்கள். கொங்கன் பக்கம் தாபோலி வேளாண் பல்கலைக்கழகம் அல்போன்சாவில் இதை விரிவாக ஆராய்ந்தது. நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் செப்டம்பர் முதல் பதினைந்து நாளுக்குள் மரத்துக்கு 10 கிராம் செயல்பொருள் என்று பரிந்துரைக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பையன், இப்போது அவனுக்கே கல்லூரி போகிற மகள் இருக்கிறாள், மாடித் தோட்டம் போட்டிருக்கிறான். போன மாதம் போன் செய்தான். "டீச்சர், மாமரத்துக்கு வாங்கின மருந்து அரை புட்டி மிச்சம் இருக்கு. ஆர்க்கிட் தொட்டிக்கு ஒரு ஸ்பூன் ஊத்தினா நர்சரியில இருக்கிற மாதிரி கச்சிதமா வருமாமே? ரோஜாவுக்கும் தக்காளிக்கும் சேர்த்து ஊத்தலாம்னு இருக்கேன்." யாரோ வீடியோவில் சொன்னார்களாம்.

"அவசரப்படாதே தம்பி, முதல்ல ஒரு கணக்குப் போடு" என்றேன். உங்களுக்கும் அதே கணக்கு. புட்டியில் இருப்பது 23 சதவீதக் கரைசல். ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லி. அதில் செயல்பொருள் ஒரு கிராமுக்கு மேல், அதாவது ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல். பூந்தொட்டிக்குத் தொழில்முறையில் ஊற்றுகிற அளவு செடிக்கும் தொட்டிக்கும் தக்கபடி ஒரு மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். அதற்கும் குறைவாகப் போடுகிற செடிகள் உண்டு. அப்படியானால் அந்த ஒரு ஸ்பூன் ஏறத்தாழ ஆயிரம் தொட்டிக்கான மருந்து! மாமரம் தாங்கும், அதற்கு வேர் பத்தடி இருபதடி ஓடியிருக்கிறது. ஐந்து அங்குலத் தொட்டியில் நான்கு இலை வைத்துக்கொண்டிருக்கும் ஆர்க்கிட் எங்கே போகும்?

அளவோடு முடிந்தால் பரவாயில்லை. இந்த மருந்து லேசில் கரைந்து ஓடிப்போகாது. மண்ணில் மாதக்கணக்கில் நிற்கும், ஒரு வருஷத்துக்கு மேலும் நிற்கலாம். மரப்பட்டைத் துண்டிலும் ஒட்டிக்கொள்ளும். மாடித் தோட்டக்காரர்கள் ஒரு செடி போனால் அதே மண்ணைக் காயவைத்து அடுத்த செடிக்குப் போடுவீர்கள். அதில் தக்காளி நாற்று வைத்தால் ஒரு சாணுக்கு மேல் எழாமல் கருத்த இலையோடு உட்கார்ந்திருக்கும். உரம் பற்றவில்லை என்று நீங்கள் மேலும் மேலும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். மேல்நாட்டு நர்சரிக்காரர்களுக்கு இந்த மருந்து பட்ட தொட்டிகளையும் தட்டுகளையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கையே உண்டு.

இடையில் ஒரு தகவல். நெல்லுக்கு அடிக்கிற ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக் கொல்லிகளின் பெயர் முடிவைக் கவனியுங்கள். பேக்லோபியூட்ரசாலும் அவையும் ட்ரையசோல் என்ற ஒரே குடும்பம். பூஞ்சைக்கென்று அடித்தாலும் சிலவற்றில் செடி கொஞ்சம் குறுகுவதற்குக் காரணம் இந்த உறவுதான்.

தக்காளிக்குச் சேர்த்து ஊற்றலாமா என்று கேட்டானே, அதற்கு டேமினோசைட்டின் கதையே பதில். சாமந்தித் தொட்டிக்கென்று வந்த மருந்து 1968இல் அமெரிக்காவில் ஆப்பிள் தோட்டத்துக்குள் நுழைந்தது. ஆலார் என்ற பெயரில் விற்றது. காய் உதிராமல் நிற்கும், நிறம் நன்றாக வரும். இருபது வருஷம் எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆனால் ஆப்பிளைச் சாறாகவோ கூழாகவோ காய்ச்சும்போது அந்த மருந்து உடைந்து யு.டி.எம்.எச். என்ற இன்னொரு பொருளாகிறது. இது சோதனை விலங்குகளில் கட்டியை உண்டாக்கியது. அந்தப் பெயர் நமக்குப் புதிது இல்லை. நம் மகேந்திரகிரியில் சோதிக்கிறார்களே விகாஸ் ராக்கெட் எஞ்சின், அதன் எரிபொருளின் முக்கியப் பகுதியே அதுதான்! 1989 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தச் செய்தி வந்ததும் தாய்மார்கள் ஆப்பிளைக் குப்பையில் கொட்டினார்கள், பள்ளி மதிய உணவிலிருந்து எடுத்தார்கள். ஆபத்து அவ்வளவு பெரிதா, பயம்தான் பெரிதா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. அந்த மருந்து போடாத தோட்டக்காரரும் சேர்ந்து நஷ்டப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அதே வருஷம் உணவுப் பயிருக்கு அதை நிறுத்தினார்கள். பூச்செடிக்கு மட்டும் இன்றும் அனுமதி இருக்கிறது. ஒரே மருந்துதான், தொட்டியில் பூவுக்கு ஆகும், தட்டில் பழத்துக்கு ஆகாது. பூவுக்குப் பரிந்துரைத்ததை வாயில் போடுவதற்கும் ஊற்றலாம் என்று வீடியோ சொன்னால் நம்பாதீர்கள்.

நர்சரிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. முறையாக அளந்து, கையுறை போட்டு, பூச்செடிக்குச் செய்கிறவர் செய்யட்டும். என் மனக்குறை ஒன்றுதான். தொட்டியில் குத்தியிருக்கும் அட்டையில் ரகத்தின் பெயர் இருக்கிறது, தண்ணீர் எப்போது என்று இருக்கிறது, விலையும் இருக்கிறது. மருந்து போட்டிருக்கிறதா இல்லையா என்று நான் பார்த்த எந்த அட்டையிலும் இல்லை. வாங்குகிறவர் குட்டை ரகம் என்று நம்பி வாங்குகிறார். அடுத்த முறை தண்டு இரண்டடி நீண்டால் நம் வளர்ப்பில்தான் ஏதோ கோளாறு என்று வருந்துகிறார்.

அடுத்த முறை பூக்கும் என்பதே நம் கரையில் பெரிய காரியம். ஃபெலனாப்சிஸ் பூத்தண்டு விட வேண்டுமென்றால் சில வாரங்களுக்கு வெப்பம் 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். 28க்கு மேல் போனால் இலையோடு நின்றுவிடும். மேல்நாட்டில் இதை வைத்துத்தான் பூக்கும் நாளையே நிர்ணயிக்கிறார்கள். சூடாக வைத்துத் தள்ளிப்போடுவார்கள், குளிர வைத்துப் பூக்க விடுவார்கள். திருப்போரூரில் மார்கழி, தை இரண்டு மாதம்தான் நமக்கு வாய்ப்பு. பகலில் நிழல், இரவில் திறந்த வெளிக் குளிர்ச்சி என்று வைத்தால் சிலருக்குத் தண்டு வருகிறது. ஏ.சி. அறையில் வைத்தவர்களுக்கு வருகிறது என்றும் கேள்விப்படுகிறேன்.

நம் கரைக்கென்றே ஆர்க்கிட் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வாண்டா டெசெல்லாட்டா என்று பெயர். மரக்கிளையில் தடித்த வேரால் ஒட்டிக்கொண்டு, பழுப்பும் மஞ்சளும் கலந்த கட்டம் போட்ட சிறு பூ விடும். ராக்ஸ்பரோ 1795இல் வெளியிடத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் என்ற நூலில் இதன் படம் இருக்கிறது. பலர் புல்லுருவி என்று நினைத்து வெட்டி எறிந்துவிடுகிறார்கள். புல்லுருவி மரத்தை உறிஞ்சும், இது உறிஞ்சாது. மரம் இதற்கு வெறும் திண்ணை. வாண்டா என்ற சொல்லே மரத்தில் தொற்றி வளர்வதைக் குறிக்கும் வடமொழிச் சொல்தான், அதனால் இந்தக் குழப்பம் பழையது.

சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்களுக்கு வாண்டா மிஸ் ஜோக்கிம் தெரிந்திருக்கும். 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் தோட்டத்தில் வந்த கலப்பினம், 1981இல் அந்த நாட்டின் தேசிய மலரானது. அது ஆள் உயரத்தைத் தாண்டி வெயிலில் ஏறும், கம்பு நட்டுத்தான் வளர்ப்பார்கள். உயரம்தான் அதன் அழகு. நம் பக்கம் பார்க்க வேண்டுமானால் ஏற்காட்டுக்குப் போங்கள். அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963இல் அமைத்த தோட்டத்தில் தேசிய ஆர்க்கிட் காப்பகம் இருக்கிறது. ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போனபோது ஒரு பெண், "டீச்சர், இதெல்லாம் ஏன் இப்படிக் கோணல்மாணலா தொங்குது? கடையில நேரா இருக்குமே" என்று கேட்டாள். எது கோணல் என்று அன்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் பேசினோம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் தொட்டி ஆர்க்கிட் வாங்கியவர்கள் இப்போதுள்ள பூத்தண்டை இலையின் அடியிலிருந்து முதல் பூ வரை ஸ்கேல் வைத்து அளந்து, தேதியோடு தொட்டியில் ஒட்டி வையுங்கள். அடுத்த தண்டு வந்து பூத்ததும் அதே இடத்திலிருந்து அளந்து, இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள். ரகத்தின் பெயர் அட்டையில் இருந்தால் அதையும் எழுதுங்கள். முப்பது வீட்டு அளவு சேர்ந்தால் அட்டவணை போட்டு, எந்த ரகம் உயரம் மாறாமல் நின்றது, எது நீண்டது என்று இதே பக்கத்தில் போடுகிறேன்.